அவன் சொன்ன முடிவுகள்

தம்பி புத்தகம் படிப்பான். அக்கா அவன் வாயால் அதைக் கேட்டுக்கொள்வாள். இந்த ஏற்பாடு எப்போது ஆரம்பித்தது என்று இருவருக்குமே நினைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அவள் சமையலறை மேசையில் போர்வையை மடித்து விரித்து, இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்குவாள். வாரம் முழுக்க ஆஸ்பத்திரித் துணிக்கூடத்தில் மேற்பார்வை வேலை. படுக்கை விரிப்புகளும் அறுவை அங்கிகளும் மலைமலையாக வெந்நீரில் வெந்து, உலர்ந்து, மடிப்பு இயந்திரத்துக்குள் நுழைந்து வெளியே வருவதைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருக்கும்.

"அங்கயும் துணி, இங்கயும் துணி. உங்கக்கா அடுத்த ஜென்மத்துல கொடிக்கயிறாத்தான் பொறக்கப் போறா" என்று அவள் வீட்டுக்காரர் மச்சானிடம் சொல்லிவிட்டுக் குட்டித் தூக்கம் போடப் போய்விடுவார். அதற்கப்புறம் கதை நேரம்.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் வைக்கும் வேலை. தரையில் நின்று அண்ணாந்தால் அவன் உட்காரும் கண்ணாடிக் கூண்டு தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். நீண்ட கழுத்தும், உயரத்தில் ஒற்றையாக உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்துக்கொண்டே இருக்கும் தொழிலும் சேர்ந்து அவனுக்குக் 'கொக்கு' என்ற பெயரை வாங்கித் தந்திருந்தன. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "மேல ஒரு ஆளுக்குத்தான் சீட்டு" என்பான்.

அவன் கதைச் சுருக்கம் சொல்லுகிற ஆள் இல்லை. எழுதினவரோடு மல்லுக்கு நிற்பான். "இந்தாளு வாழ்க்கையில ஒரு நாளாவது பாரம் தூக்கியிருப்பாராக்கா? பீரோவத் தனி ஆளா மாடிக்கு ஏத்துறானாம், மூச்சு வாங்கலையாம்!" என்பான். "அந்த மாமியாரை அநியாயத்துக்குக் கெட்டவளாக்கிட்டாங்க. எனக்கு அந்த வீட்லயே அவளத்தான் பிடிச்சுது" என்பான். சில புத்தகங்களைப் பாதியில் விட்டதற்கு நீண்ட நியாயம் சொல்லுவான். அக்கா இடையில் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஆனால் சட்டைக் காலரைத் தேய்க்கும் கை தானாக மெதுவாகும். அதிலிருந்தே கதை நல்ல கதை என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் காற்றுக்காலத்தில் துறைமுகத்தில் ஒரு விபத்து. அவன் தூக்கிய பெட்டி இறங்கும் நேரத்தில் திடீரென்று வீசிய காற்றில் ஆடியது. பெட்டிகளின் மூலைப் பூட்டைக் கழற்றுகிற தொழிலாளி ஒருவர், நிற்கக் கூடாத இடத்தில் நின்றிருந்தார். அவர் பிழைக்கவில்லை. விசாரணை நடந்தது. கிரேன் ஓட்டியவர்மேல் தவறு இல்லை என்று முடிவானது. தம்பிக்கு விடுப்பு கொடுத்தார்கள். பிறகு வேலைக்குத் திரும்பினான்.

"உன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டாங்கல்ல?" என்று அக்கா கேட்டாள்.

"சொல்லிட்டாங்க" என்றான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவளும் தோண்டவில்லை. ஆறட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகள் பழையபடி வந்தன. அவனும் வந்தான், புத்தகமும் படித்தான். பாலத்துத் தூண்களைத் தண்ணீருக்கு அடியில் போய்ப் பழுது பார்க்கும் ஒருவனைப் பற்றிச் சொன்னான். சண்டையில்லை, கிண்டலில்லை. தண்ணீருக்குள் சத்தமே இருக்காதாம். அங்கே யாரும் கூப்பிடமாட்டார்களாம். "ஒரு நாள் கீழ போனவன் அப்புறம் மேல வரவேயில்லக்கா. அவ்ளோதான், கதை முடிஞ்சுது. ரொம்ப நல்ல முடிவு."

அடுத்த முறை, பனி மூடிய ஊரில் வேலை பார்க்கும் ஒரு பள்ளி ஆசிரியை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். ஒரு காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் பனிக்குள் நடக்கிறாள், நடந்துகொண்டே போகிறாள். "திரும்பிப் பாக்கவே இல்ல. அழகா எழுதியிருக்காங்க."

அழகு என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து ஒரு தலையணை உறையைத் தீய்த்துவிட்டாள்.

அவன் போனதும் வீட்டுக்காரரை எழுப்பினாள். "இவன் சொல்ற கதையெல்லாம் ஒரே மாதிரி முடியுதுங்க. எல்லாரும் போயிடறாங்க."

அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுப்பவர்; எதற்கும் பதறாத மனுஷன். "சோகக் கதையா எழுதித் தள்றாங்க, அவன் என்ன பண்ணுவான்? புத்தகம் படிக்கிறவனெல்லாம் கொஞ்சம் அப்படித்தான் இருப்பான்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். "வேணும்னா நான் பேசிப் பாக்கட்டுமா?"

"வேணாம். நான் பாத்துக்கறேன்" என்றாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க பயம் அவளோடு வேலைக்கு வந்தது. கறை போகாத விரிப்புகளைத் தனியாகப் பிரிக்கும்போது வந்தது. பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தது. ஒன்றுமில்லாததற்குத் தம்பிக்குப் போன் போட்டாள். சாப்பிட்டியா, தூங்கினியா. "சாப்ட்டேன்க்கா" என்று வருகிற குரலில் எந்தக் குறையும் இல்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது. கோபப்பட்டால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் நூலகத்துக்குப் போனாள். தம்பி எடுத்த அதே புத்தகம் வேண்டும் என்று கேட்டு, அந்தத் தண்ணீர்க்காரன் கதையை வாங்கி வந்தாள். பள்ளிக்கூடம் விட்டபின் அவள் முழுசாகப் படித்த முதல் புத்தகம் அதுதான். அவன் இந்த வரியில் நின்றிருப்பானோ, இந்தப் பக்கத்தில் பெருமூச்சு விட்டிருப்பானோ என்று ஒவ்வொரு பக்கத்தையும் அவன் கண்ணால் பார்த்துக்கொண்டே போனாள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் படித்தாள். கடைசி அத்தியாயம் வந்தபோது, தண்ணீர்க்காரன் மூழ்கப்போவதைப் பார்க்கத் தன்னைத் தயார்படுத்திக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள்.

அவன் மூழ்கவில்லை.

மேலே வந்தான். கரையில் உட்கார்ந்து இருமினான். வீட்டுக்குப் போய், சமையலறைக் குழாய் ஒழுகுவதற்காகப் பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினான். ஊரான் பாலத்தைப் பார்க்கிறாய், வீட்டுக் குழாயைப் பார்க்கமாட்டாயா என்று அவள் கேட்க, இருவரும் சிரித்துவிடுகிறார்கள். அதுதான் முடிவு.

இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது. அவளுக்குத் தெரியவே இல்லை. தம்பி மறந்திருப்பான், வேறு கதையோடு குழப்பியிருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒரு மாமியார் எந்த நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்பதுவரை நினைவு வைத்திருப்பவன் அவன்.

மறுநாள் மத்தியான இடைவேளையில் வேலை உடுப்போடேயே நூலகத்துக்கு ஓடினாள். பனி ஊர் ஆசிரியையின் புத்தகத்தை அலமாரியில் தேடி எடுத்து, நின்ற நிலையிலேயே கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். ஆசிரியை பனிக்குள் நடக்கிறாள், நிஜம்தான். வழியில் ஒரு பால்பண்ணைக்காரி அவளைப் பார்த்து, "மாடு கன்னு போடுது, ஒத்தாசைக்கு ஆள் இல்ல, வா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போகிறாள். விடியவிடிய வேலை. மறுநாள் காலையில் கையெல்லாம் அழுக்காக அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்புகிறாள்.

புத்தகத்தை மூடாமலே அவள் அலமாரியில் சாய்ந்துகொண்டாள். நூலகப் பெண்மணி எழுந்து வந்தாள். "என்னம்மா, உடம்பு சரியில்லையா? உங்க தம்பிக்கும் ஏதாவது… காலையில வந்து எல்லா புத்தகத்தையும் குடுத்துட்டாரு. உறுப்பினர் அட்டையையும் குடுத்துட்டாரு. ஏன் சார்னு கேட்டேன். இனிமே தேவைப்படாதுன்னாரு. ஊர் மாத்திப் போறாரா?"

அக்கா வெளியே ஓடி வந்தாள். போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கூண்டுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது, கீழே பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஏறவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டாள். ஆட்டோவில் ஏறியதும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "துறைமுகத்துக்கு வாங்க. இப்பவே." அவர் ஏன் என்று கேட்கவில்லை.

துறைமுக வாசலில் காவலர் அவளை உள்ளே விடவில்லை. அவள் கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை. அவள் நின்ற நிலையைப் பார்த்தே அவர் மேஸ்திரிக்குச் சொல்லியனுப்பினார். மேஸ்திரி வந்தார். தலைக்கவசத்தின் கீழ் நரைத்த மீசை. அவளை முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறார்.

"தம்பிய உடனே கீழ இறக்கணும்" என்றாள்.

"மேல வேலையா இருக்காரேம்மா. என்ன விஷயம்?"

அவள் அவரைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்கு. அவன் உயிரோட இருக்கணும்."

மேஸ்திரியின் முகம் மாறியது. அவளுக்கு ஒரு தலைக்கவசத்தைக் கொடுத்து உள்ளே அழைத்துப்போனார். வாக்கிடாக்கியை எடுத்தவர், வாய்க்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். "என்னன்னு சொல்றது?"

பதறவைக்கக் கூடாது. பொய்யாகவும் தெரியக் கூடாது. "வீட்டுச் சாவியத் தொலைச்சுட்டு உங்கக்கா வந்து நிக்கிறா, உன்கிட்ட இருக்கற சாவி வேணுமாம்னு சொல்லுங்க."

அவர் அப்படியே சொன்னார். பக்கத்தில் நின்ற ஒருவர் சிரித்தார். கருவியில் வெறும் இரைச்சல். பிறகு தம்பியின் குரல்: "சரி. வரேன்."

பெட்டி மெதுவாகத் தரையில் இறங்கி உட்கார்ந்தது. மேலே கூண்டின் கதவு திறந்தது. அவன் வெளி நடைபாதைக்கு வந்தான். வந்தவன் நடக்கவில்லை. கம்பியில் கைவைத்துக் கீழே பார்த்தபடி நின்றான்.

அவள் கூப்பிட்டாலும் அவ்வளவு உயரத்துக்குக் கேட்காது. கையைத் தூக்கினாள். தூக்கிய கையை இறக்கவில்லை. தோள் வலித்தது. இறக்கினால் ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. மேஸ்திரியும் அவரையறியாமல் கையைத் தூக்கியிருந்தார்.

தம்பி நகர்ந்தான். ஏணிப்படிக்குள் மறைந்தான், அடுத்த வளைவில் தெரிந்தான், மறுபடி மறைந்தான். ஒவ்வொரு முறை மறையும்போதும் அவள் மூச்சு நின்று, தெரியும்போது வந்தது. கடைசியில் தரையில் அவன் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"சாவிய எங்கக்கா தொலைச்ச?"

அவள் அவன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். "தொலைக்கல. அந்தத் தண்ணிக்காரன் கதையப் படிச்சேன். அவன் மேல வந்துட்டான்டா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நேரா கேக்கறேன். செத்துப்போகணும்னு நெனைக்கிறியா?"

சுற்றிலும் லாரிகளின் இரைச்சல். "ஆமாக்கா" என்றான் கடைசியில். "தினமும்."

அவள் பிடியை விடவில்லை. "என்கிட்ட ஏன் பொய் சொன்ன?"

"பொய் சொல்லணும்னு சொல்லல. அந்த எடம் வந்ததும் புத்தகத்த மூடிடுவேன். அவன் மேல வந்துட்டா என்னால தாங்க முடியாதுக்கா. நான் இறக்கின பெட்டிக்குக் கீழ நின்னவரு எழுந்து வரலையே. இவன் மட்டும் எப்படி வருவான்? மிச்சத்த நானே நெனச்சுக்குவேன்."

சொல்லிவிட்டு அவன் அழுதான். விபத்து நடந்ததிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. மேஸ்திரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். "இனிமே நீ மேல ஏற வேணாம் கொக்கு. ஆபீசுக்கு நான் எழுதிக் குடுத்துக்கறேன்" என்றார். வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது, அக்கா மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள். அவர் மச்சானின் இன்னொரு பக்கத்தில் குந்தி உட்கார்ந்துகொண்டார்.

அங்கிருந்து நேராக அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே போனார்கள். மனநல மருத்துவர் ஒரு பெண். அவசரப்படாமல் கேட்டாள். தம்பி, அக்காவிடம் சொன்னதைவிட அவளிடம் அதிகம் சொன்னான். சில நாள் இங்கேயே தங்குங்கள், தனியாக இருக்க வேண்டாம் என்றாள். அவனும் சரி என்றான்.

மறுநாள் துணிக்கூடத்தில் அந்த வார்டுக்குப் போகும் வண்டியை அக்கா தன் கையாலேயே அடுக்கினாள். எந்த விரிப்பு அவனுக்குப் போகும் என்று தெரியாதல்லவா, எல்லாவற்றையுமே தடவிப் பார்த்து அடுக்கினாள்.

வார்டிலிருந்து வந்தபின் அவன் அக்கா வீட்டிலேயே தங்கினான். மாத்திரை உண்டு, வாரம் ஒரு முறை மருத்துவரிடம் பேச்சு உண்டு. துறைமுகத்தில் தரை வேலைக்கு மாற்றினார்கள். சில நாள் நன்றாக இருப்பான். சில நாள் கட்டிலை விட்டு எழுந்திருக்க மாட்டான். "இன்னிக்கு அந்த நெனப்பு வந்துதுக்கா" என்று அவனே வந்து சொல்லும் நாளும் உண்டு. அப்போது அவள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.

அவளுக்குப் பயம் போகவில்லை. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் காது நிமிரும். அவன் கடைக்குப் போய்வரத் தாமதமானால் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பாள். வீட்டுக்காரர், "நீ நடக்கற நடைக்குத் தரை தேஞ்சு கீழ் வீட்டுக்காரன் தலையில இறங்கப்போற" என்பார். சொல்லிவிட்டு அவரும் ஜன்னலுக்கு வந்து நிற்பார்.

ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது தம்பி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அக்கா, சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவ?"

"ஆறாயிடும். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். பஸ் நிறுத்தத்துக்கு வரேன்."

அவள் படியிறங்கினாள். பாதித் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தாள். மாடி ஜன்னலில் அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தான். போ, போ என்று கையை அசைத்தான். அவள் போனாள். முனை திரும்புமுன் மறுபடி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.