கட்டிலுக்கடியில் வெள்ளையன்

விளக்குமாற்றுக் கட்டையைக் கட்டிலுக்கடியில் விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள் செல்லாயி. வெள்ளையன் அசைந்து கொடுக்கவில்லை. சுவரோடு ஒண்டிக்கொண்டு, கட்டை விலாவில் படும்போதெல்லாம் உறுமியது.

“எந்திரி சனியனே. எங்கண்ணன் பெட்டியில கெடக்குறாரு, ஒனக்கு ரூமு கேக்குதா?”

முன்னறையில் அழகையாவைக் கிடத்தியிருந்தார்கள். வெளியே தார்ப்பாய்ப் பந்தலில் தப்பு மேளம் அதிர்ந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி நல்லம்மா எழுந்து படுக்கையறை வாசலுக்கு வந்தாள்.

“விடு செல்லாயி. அது அங்கேயே கெடக்கட்டும்.”

“என்னா அண்ணி பேசுறீங்க? எழவு வீட்டுல நாய உள்ள விடலாமா? அண்ணனுக்கு நாய் வாடையே ஆகாதே. வாசப்படிய தாண்ட விட்டிருப்பாரா மனுசன்?”

“அதுனாலதான் சொல்றேன். கெடக்கட்டும்.”

செல்லாயி அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கட்டையைச் சுவரில் சாய்த்தாள். அந்த முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. காலையிலிருந்தே வந்த பெண்களெல்லாம் அதைக் கவனித்துவிட்டு, துக்கம் நெஞ்சை அடைத்துவிட்டது, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். நல்லம்மாவின் நெஞ்சை ஒன்றும் அடைக்கவில்லை. அங்கே இருந்தது கோபம். மூன்று வருசமாகச் சோறு போட்டு வளர்த்த கோபம். அதைக் காட்ட வேண்டிய ஆள் நைசாக நழுவிவிட்டானே என்று அது இப்போது இரண்டு மடங்காகியிருந்தது.

மலை வெடிப்பு விட்டு, மண் சரியும் என்று தோட்டத்து லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது கிடைத்த வீடு இது. தனி வீடு. கதவும் கொக்கியும் வைத்த படுக்கையறை. அழகையாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் எட்டுப் பேரோடு படுத்து வளர்ந்தவர். அவருடைய அப்பா துரை பங்களாவில் நாய்களைக் குளிப்பாட்டும் வேலை பார்த்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் அந்தக் கதை வந்துவிடும்.

“தொரையோட நாயி மெத்தையில படுத்துக் கெடக்கும். எங்கப்பன் அந்த ரூமு வாசல்ல நின்னுதான் கறிச்சோறு வைக்கணும். உள்ள கால வைக்கப்படாது. எங்கப்பன் போவாத ரூமுக்குள்ள நாய் போச்சு. என் ரூமுக்குள்ள எந்த நாயும் வராது.”

அந்த நியாயத்தை நல்லம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. அவள் வழக்கெல்லாம் ஒரே ஒரு பொழுதோடுதான்.

மூன்று வருசத்துக்கு முந்திய ஐப்பசி மழை. விளக்கு வைக்கும் நேரம். கீழ்மலையில் புலி இரண்டு நாயைத் தூக்கிவிட்டது என்று எல்லோரும் தங்கள் நாய்களை வீட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அவள் குட்டியிலிருந்து வளர்த்த செவலை வாசற்கதவைப் பிறாண்டியது. நல்லம்மா எழுந்து ஓடினாள். அவளுக்கு முன்னால் அழகையா போய்க் கொக்கியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“ரூமு வேணாங்க. அடுப்படியில போட்டுக்கிறேன். இன்னிக்கு மட்டும்.”

“இன்னிக்கு அடுப்படின்னுவ, நாளைக்கு மெத்தைன்னுவ. நாய்க்கு வாசல் போதும். அங்கேயே கெட.”

சொன்னது நாயிடம். பார்த்தது அவளை. பிறாண்டல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு ஒரே ஒரு கத்தல். விடிந்து பார்த்தால், செவலையின் கழுத்தில் அவள் கட்டியிருந்த சிவப்புத் துணி மட்டும் படியில் கிடந்தது. அழகையா அதைத் தாண்டிக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனார். போவதற்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு ரொட்டி தின்றார். அந்த இரண்டு ரொட்டியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு செவலை என்ற பேர் அவர் வாயில் வந்ததே இல்லை.

போன மாசியில் அவருக்குக் கையும் காலும் விழுந்தது. நாக்கும் குழறிவிட்டது. இடது கை மட்டும் மிச்சம். அடுத்த வாரமே நல்லம்மா ஹல்துமுல்லைக்குப் போய் ஒரு வெள்ளைக் குட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்தாள். முதல்நாள் அதைப் படுக்கையறை வாசற்படியில் விட்டாள். ஒரு வாரம் கழித்துக் கட்டிலுக்கடியில். ஒரு மாதத்தில் கட்டில் மேலேயே, அவர் காலடியில்.

“பாருங்க, ஒங்க மெத்தைக்கு வந்துருச்சு. எந்திரிச்சுப் போயி கொக்கியப் போடுங்க பாப்போம்.”

அவர் கண்ணோரம் தண்ணீர் வழியும். அவளுக்கு வயிறு குளிரும். மகன் ரமேஸ் கொழும்பிலிருந்து வரும்போதும், மாதத்துக்கொரு தடவை செல்லாயி வரும்போதும் நாயை வெளியே கட்டிவிடுவாள். இது புருசன் பெண்டாட்டிக்கு இடையிலான விசயம். கண்ணை மூடுவதற்குள் செவலையின் பேரை அவர் வாயால் சொல்ல வைத்து, செய்தது தப்பு என்று அவர் சொல்லக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், பீ மூத்திரம் அள்ளினாள்.

நேற்று மத்தியானம் கஞ்சிக் கோப்பையோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவருடைய இடது கை வெள்ளையனின் கழுத்தில் கிடந்தது. காலைத் தேத்தண்ணிக்கு அவள் வைத்த பிஸ்கட்டில் பாதி அந்தக் கையில் இருந்தது. நாய் அதை நிதானமாக நக்கித் தின்றது. தலையணைக்கடியில் இன்னும் துணுக்குகள். மெத்தையில் ஏன் எறும்பு என்று இரண்டு மாதமாக அவள் திட்டிக்கொண்டிருந்தாள்.

“செவல… செவல…”

கோணிய வாயால் அவர் கூப்பிட, அந்த வெள்ளை நாய் வாலை ஆட்டியது. அந்தப் பேருக்கு அது என்றைக்கோ பழகியிருந்தது.

நல்லம்மா கோப்பையை நங்கென்று வைத்தாள். அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நாலு மணிக்கு மூச்சு நின்றது. கை நாயின் மேலேயே கிடந்தது.

“அம்மா, வாய்க்கரிசி போடணும்” என்று ரமேஸ் தோளைத் தொட்டான்.

மூன்று பிடி போட்டாள். குனிந்து அவர் காதருகே முகத்தைக் கொண்டுபோனாள். ஒருவழியாக அழுகை வந்துவிட்டது என்று பெண்கள் ஓலத்தை உயர்த்தினார்கள். அவள் சொன்னது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

“நாய்க்கிட்ட சொன்னீங்க. எங்கிட்ட சொல்லல.”

பெட்டியைத் தூக்கியதும் வெள்ளையன் கட்டிலுக்கடியிலிருந்து பாய்ந்து வெளியே ஓடியது. வெள்ளைக் கொடி கட்டிய பாதையில் ஆண்களின் கால்களுக்கிடையில் நுழைந்து நுழைந்து போனது. யார் விரட்டியும் திரும்பவில்லை.

பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவர் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் விளக்கேற்றி ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள் செல்லாயி. புதைத்துவிட்டு வந்த ஆண்கள் விளக்கைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். ரமேஸ் கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். மழை பிடித்துக்கொண்டது.

வாசற்கதவில் பிறாண்டும் சத்தம் கேட்டது.

நல்லம்மா எழுந்து போய்க் கொக்கியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நன்றி கெட்ட நாய். யார் சோற்றைத் தின்றுவிட்டு யார் கையை நக்கியது.

“நாய்க்கு வாசல் போதும்” என்றாள். “அங்கேயே கெட.”

செல்லாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“யாருகிட்ட அண்ணி பேசுறீங்க? வெள்ளையனா? ஐயோ, நனைஞ்சுக்கிட்டு நிக்குமே. தொறங்க.”

“ஒங்கண்ணனுக்கு நாய் வாடை ஆகாதே.”

“அவருதான் போயிட்டாரே. தொறங்க அண்ணி. கீழ்மலையில திரும்பவும் புலி நடமாட்டமாம், காலையில பேசிக்கிட்டாங்க.”

பிறாண்டல் ஒருதரம் நின்றது. நல்லம்மாவின் கை கொக்கியிலிருந்து வெடுக்கென்று விலகியது. கதவைத் திறந்தாள்.

வெள்ளையன் உள்ளே வந்தது. காலெல்லாம் குழிமேட்டுச் செம்மண். அவளை நிமிர்ந்து பார்க்காமல், கழுவிய தரையில் சிவப்பாகத் தடம் பதித்துக்கொண்டு நேரே படுக்கையறைக்குள் போய்க் கட்டிலுக்கடியில் படுத்தது.

“கதவ சாத்துங்க அண்ணி, காத்துல வெளக்கு அணைஞ்சிரப் போவுது.”

நல்லம்மா சாத்தவில்லை. அன்று சிவப்புத் துணி கிடந்த வாசற்படியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.