அக்காவுக்குப் பாட்டு இல்லை

மூத்தவள் மாடத்திலிருந்து தவறி விழுந்து செத்தபோது தியேட்டரே கைதட்டியது. பத்திரிகைக்காரர்களுக்கென்று காலை பத்து மணிக்குப் போட்ட காட்சி அது. எதற்கும் அசையாத ஆட்கள் என்று பெயர் வாங்கியவர்கள்கூடத் தட்டினார்கள். மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அரை ஸ்டார் மட்டும் கையை மடியிலேயே வைத்திருந்தாள்.

அரை ஸ்டார் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளிதழில் வெள்ளிக்கிழமைதோறும் சினிமா விமர்சனம் எழுதுகிறாள். எந்தப் படத்துக்கும் முழுசாக நட்சத்திரம் கொடுக்க அவளுக்கு மனசு வராது. இரண்டரை, மூன்றரை என்று ஒரு அரையை ஒட்டவைத்தால்தான் திருப்தி. "மேடத்துகிட்ட மணி கேட்டாக்கூட பத்தரைன்னுதான் சொல்வாங்க" என்று சினிமாப் பக்கத்தின் பொறுப்பாசிரியர் அவள் காதுபடவே சொல்வார். அவளும் சிரித்துக்கொள்வாள்.

படம் மூன்றே கால் மணி நேரம். கண்ணாடியாலேயே இழைத்த அரண்மனை, தண்ணீருக்குள் நின்று ஆடும் நூறு பெண்கள், ஒரு பாட்டுக்கு ஒரு பருவம் என்று பதினொரு பாட்டு. அரண்மனையின் இளைய மகளுக்கும் அங்கே விளக்கேற்ற வருகிறவனுக்கும் காதல். கூடாத காதல். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தாலே எங்கிருந்தோ முப்பது வயலின் கிளம்பிவிடும். அவர்களை அப்பாவிடம் காட்டிக்கொடுப்பவள் அக்கா. கண்ணுக்குக் கீழே கரிக்கோடு, விரலில் பாம்பு மோதிரம், வசனத்துக்கு ஒரு சிரிப்பு. அவள் விழுந்து செத்தால் யார்தான் தட்டமாட்டார்கள்?

"மூணு எடத்துல அழுதுட்டேன் மேடம்" என்றார் வெளியே வந்த வானொலிக்காரர், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "உங்களுக்கு எப்படி?"

"எனக்குத் தலைவலி" என்றாள்.

அலுவலகத்தில் அவளுடைய மேசை தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில். வருகிறவர் போகிறவர் எல்லாம் ஒரு டம்ளர் தண்ணீரும் நாலு வார்த்தையும் செலவழிக்கிற இடம். நாலு மணிக்குள் அறுநூறு வார்த்தை கொடுக்க வேண்டும். ஒளிப்பதிவு, உடை, நடனம் என்று முதல் நாலு பத்தி தானாக ஓடியது. ஐந்தாவது பத்தியில் வண்டி நின்றுவிட்டது.

அவளுக்கும் ஒரு தங்கை உண்டு. வீட்டில் சின்னு. இப்போது ஐம்பது வயது ஆகியும் சின்னுதான். இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சின்னு டைப்பிங் படித்துக்கொண்டிருந்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற ஒருவன்மீது ஆசை வைத்தாள். அவன் வேறு மதம். அந்த வீட்டில் அது ஒன்றே போதும், மீதி எதுவும் கேட்கத் தேவையில்லை. கடிதங்களை வாங்கிவந்து கொடுத்தவள் கூடப் படித்த தோழி. ஒரு நாள் விஷயம் அப்பாவுக்குத் தெரிந்தது. அப்பாவும் சித்தப்பாவும் கடைக்குப் போய் முதலாளியிடம் பேசிவிட்டு வந்தார்கள். மறுநாள் அந்தப் பையன் கடையில் இல்லை, ஊரிலும் இல்லை.

"யார் சொன்னது?" என்று சின்னு கேட்டாள். "கூடப் படிக்கிறவ வாயை மூடிக்கிட்டு இருப்பான்னு நெனச்சியா?" என்றார் அப்பா. அவர் சொன்னது அவ்வளவுதான். பெரிய மகளைக் காப்பாற்ற அவர் அந்தத் தோழியைப் பலிகொடுத்தார். பெரிய மகள் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை.

சின்னுவுக்கு நாற்பதாம் நாள் கல்யாணம். மாப்பிள்ளை நல்லவர். அதிர்ந்து பேசாத மனுஷன். ஒரு மகள் பிறந்தாள், வளர்ந்தாள், வேறு ஊரில் வேலைக்குப் போனாள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் மாரடைப்பில் போனதும் சின்னு அக்காவோடு வந்து சேர்ந்துகொண்டாள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு மூன்று இடம் வந்து தட்டிப்போயிற்று. அப்புறம் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒருத்தி சமைத்தால் ஒருத்தி பாத்திரம் தேய்ப்பாள். ஒரே பேஸ்டுக்கும் ஒரே பேப்பருக்கும் சண்டை போட்டுக்கொண்டு ஆறு வருடம் நன்றாகவே ஓடிற்று.

அரை ஸ்டார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். பிறகு நிறுத்தாமல் எழுதினாள்.

"பதினொரு பாட்டில் அந்த அக்காவுக்கு ஒன்றுகூட இல்லை. அவளைப் பற்றி இயக்குநருக்கு எதுவும் தெரியாது. காட்டிக்கொடுக்கிற அக்காவின் விரலில் பாம்பு மோதிரம் இருக்காது. அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருப்பாள். ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில் தங்கை எதற்குத் தினமும் குடையோடு போகிறாள் என்று யோசிப்பாள். குடையை விரிப்பாள். சுருட்டிச் செருகிய கடிதம் மடியில் விழும். தங்கையின் காதோரத்து மச்சத்தைப் பற்றி மட்டும் அதில் ஒரு பக்கம் இருக்கும். இப்படி ஒரு கடிதம் தனக்கு எந்நாளும் வரப்போவதில்லை என்று அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்துபோகும். கடிதத்தை இருந்தபடியே சுருட்டி வைத்துவிட்டு அப்பாவிடம் போவாள். தங்கையின் நல்லதுக்குத்தான் என்று சொல்லிக்கொள்வாள். அதை நம்பவும் செய்வாள்."

எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டு அழிக்கத்தான் நினைத்தாள். அதற்குள் பொறுப்பாசிரியர் பின்னால் வந்து நின்று படித்துவிட்டார்.

"மேடம், மத்ததெல்லாம் நீங்க எப்பவும் எழுதுறது. இந்த ஒரு பாரா வேற. இதுல கை வெச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

"நீளமா இருக்கே. தூக்கிடலாம்னு பாத்தேன்."

"டான்ஸைத் தூக்குங்க."

அவள் நடனத்தைத் தூக்கினாள். அந்தப் பத்தியைத் தெரிந்துதான் விட்டாளா, அசந்துபோய் விட்டாளா என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் சின்னு எப்போதும்போல் ஜன்னலோரம் காப்பியோடு உட்கார்ந்து பேப்பரை விரித்தாள். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் அவளுக்கு வேலை. எட்டேகாலுக்குக் கிளம்பவேண்டும். அதற்கு முன்னால் அக்காவின் விமர்சனத்தைச் சத்தமாகப் படிப்பது வழக்கம். எங்கே எழுத்துப்பிழை என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு ஒரு குஷி.

"மூணரை குடுத்திருக்கியே! உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று சிரித்தாள். படிக்க ஆரம்பித்தாள். கண்ணாடி அரண்மனை, உடைகள், வயலின் எல்லாம் அவள் குரலில் வந்தன. அக்கா அடுப்படியில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். குடை என்ற வார்த்தை வந்தது. குரல் நின்றது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. பேப்பர் மடிகிற சத்தமும் கேட்கவில்லை. சின்னு மனசுக்குள் படித்துக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"படத்துல குடை வருதா அக்கா?"

"இல்ல."

"அப்ப இது எந்தக் குடை? என்ன கலர்?"

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "கறுப்பு. கைப்பிடி மட்டும் பழுப்பு."

சின்னு பேப்பரை மடித்து மடியில் வைத்தாள். காப்பியில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"குடைக்குள்ள வெக்கிறேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவகிட்டகூட. லெட்டரை வாங்கிட்டு வந்து கையில குடுத்ததோட அவ வேலை முடிஞ்சுது." மெதுவாக, கணக்கு வாத்தியார் படிப்படியாக எழுதிக் காட்டுவதுபோல் சொன்னாள். "அப்பா அன்னைக்கு அவ பேரைச் சொன்னப்ப நீ அங்கதான நின்ன?"

"ஆமா."

"கேட்டுக்கிட்டு நின்ன."

"ஆமா சின்னு."

"நான் ரோட்டுல வெச்சு அவளை என்னவெல்லாம் கேட்டேன் தெரியுமா? நான் இல்லடி, சத்தியமா நான் இல்லடின்னு அழுதா. அவ கல்யாணப் பத்திரிகையை அவ கண்ணு முன்னாலயே கிழிச்சேன்."

மன்னிப்புக் கேட்க அக்கா இருபத்தெட்டு வருடமாக ஒத்திகை பார்த்திருந்தாள். ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை.

"அதுகூடப் போகட்டும்" என்றாள் சின்னு. "மூணு வருஷம் முன்னாடி அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் அனுப்பினா. ஒரு தடவை பாக்கணும்னு. போகவான்னு நான் உன்கிட்டதான் கேட்டேன். இதே எடத்துல உக்காந்து கேட்டேன். நீ என்ன சொன்ன?"

"உன் இஷ்டம்னு சொன்னேன்."

"போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"பயந்துட்டேன். போனா பேசுவீங்க. பேசினா தெரிஞ்சுபோயிடும். எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான்..."

"நிறுத்து." சின்னு கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்கு அழுதிருப்பாள். "அந்த ஆளுக்காக நான் அழுது முடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. அவருக்கு இப்ப சொட்டையா, தொப்பையான்னு நெனச்சுச் சிரிச்சுக்கூட இருக்கேன். இவளுக்கு நான் அழவே இல்லையே. செத்த சேதி வந்தப்பக்கூட, ஒழியட்டும்னு நெனச்சேனே."

"சின்னு, என்னை மன்னிச்..."

"இப்ப சொல்லாத. சொன்னா நான் ஏதாவது பதில் சொல்லணும்."

எட்டேகால் ஆனது. அவள் எழுந்து முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். போகும்போது, கேஸ் அணைத்தாயா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை தோழியின் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். "நானும் வரட்டுமா?" என்று அக்கா கேட்டதற்குச் செருப்பை மாட்டிக்கொண்டே தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். மதியம் தாண்டி வந்தாள். வந்தவள் நேராகத் தன் அறைக்குப் போய் அலமாரியின்மேல் இருந்த பெட்டியை இறக்கினாள். அக்கா வாசலில் நின்றாள். சின்னு புடவைகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினாள்.

"அவ வீட்டுக்காரர் இருந்தார். யாருன்னு சொன்னதும் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சார். ஃபேனைப் போட்டார். கடைசி மூணு நாளும் கதவைப் பாத்துக்கிட்டே படுத்திருந்தாளாம். யாராவது வந்தா, அவளான்னு கேப்பாளாம். அதை அவர் கோவமா சொல்லல அக்கா. கோவமா சொல்லியிருந்தா தேவலை."

"என்னைப் பத்தி சொன்னியா?"

"இல்ல. எனக்கு வெக்கமா இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை சின்னுவின் மகள் காரோடு வந்தாள். அம்மாவுக்குக் கொஞ்ச நாள் மாற்றம் வேண்டுமாம் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "நீங்களும் வாங்களேன் பெரியம்மா, ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்" என்று வெள்ளந்தியாகக் கூப்பிட்டாள். பெரியம்மா, வேலை இருக்கிறது என்றாள். சின்னு முன் சீட்டில் ஏறி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, நேரே பார்த்தாள். பெல்ட் போட வரவில்லை. மகள் குனிந்து மாட்டிவிட்டாள். கார் திருப்பத்தில் மறைகிறவரை அக்கா தெருவில் நின்றாள். பிறகு மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினாள்.

அந்த வாரம் அலுவலகத்துக்குக் கடிதங்களும் மின்னஞ்சல்களுமாக வந்து குவிந்தன. படத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை, எல்லாம் அந்தப் பத்தியைப் பற்றி. ஒரு அக்கா, எனக்குத்தான் எழுதினீர்களா என்று கேட்டிருந்தாள். ஒரு தங்கை நாலு பக்கத்துக்குச் சாபம் விட்டிருந்தாள். பொறுப்பாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"இதையே ஒரு தொடரா எழுதுங்க மேடம். காட்டிக்கொடுத்தவர்கள்னு தலைப்பு. அருமையா போகும்."

"அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். அவர் இரண்டு தரம் வற்புறுத்திவிட்டு, மேடத்துக்கு மூட் சரியில்லை என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவள் சின்னுவுக்கு ஃபோன் செய்தாள். சின்னு எடுக்கவில்லை. பிறகு மகளின் எண்ணுக்குச் செய்தாள். அம்மா குளிக்கிறாங்க பெரியம்மா. அம்மா மாடியில துணி காயப்போடுறாங்க. அம்மா குளிக்கிறாங்க. மூன்று வாரமாக அம்மா குளித்துக்கொண்டே இருந்தாள். அக்காவும் குளிச்சுட்டு வரட்டும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவைத்தாள்.

நாலாவது வாரம் மகள் குளியல் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று குரலிலேயே புரிந்தது.

"பெரியம்மா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. இனிமே கூப்பிட வேண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

"சரிம்மா."

"இங்கேயே ஒரு ஸ்கூல்ல கேட்டிருக்காங்க. அடுத்த மாசம் சேரப்போறாங்க. மத்த சாமானுக்கு நான் ஒரு நாள் வரேன்."

"சரிம்மா. கட்டி வெக்கிறேன்."

மகள் வைத்துவிடுவாள் என்று அக்கா காத்திருந்தாள். மறுமுனையில் யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ சொல்வது கேட்டது. வார்த்தை பிடிபடவில்லை. குரல் மட்டும் தெரிந்தது.

"பெரியம்மா... சாப்பிட்டீங்களான்னு கேக்கச் சொன்னாங்க."

அடுப்பு இரண்டு நாளாகப் பற்றவைக்காமல் கிடந்தது. அவள் ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள்.