வேண்டுமென்றே விட்ட வேர்கள்

குறடு டாக்டர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவில் வழி காட்டுவார்கள். வாசல் பலகையில் பேரும் பட்டமும் கொட்டை எழுத்தில் இருந்தும் ஒருத்தரும் அதை அண்ணாந்து பார்த்ததில்லை. இருபத்தெட்டு வருஷமாக அதே அறை, அதே சாய்வு நாற்காலி. பல்லைக் குறட்டால் பிடித்துவிட்டால் அது வந்துதான் ஆகவேண்டும் என்று மனிதருக்கு ஒரு பேர். வராத பற்களும் உண்டு. அவற்றைப் பற்றி அவர் வெளியில் பேசுவதில்லை.

வராமல் அடம்பிடிப்பது பெரும்பாலும் ஞானப்பல்தான். தாடையின் கடைக்கோடியில் இடம் கிடைக்காமல், எலும்புக்குள்ளேயே படுத்துக்கொண்டு, முன்னால் நிற்கிற பல்லை முட்டிக்கொண்டிருக்கும். இழுக்கிற இழுப்பில் மேல்பாதி கையோடு வரும், வேர் முறிந்து உள்ளேயே தங்கிவிடும். டாக்டர் அசரமாட்டார். பஞ்சை வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே முதுகு காட்டியபடி சொல்வார்: "வேரு கொஞ்சம் உள்ள இருக்கு. வேணும்னுதான் விட்டிருக்கேன். ஒண்ணும் செய்யாது." முதல் தடவை சொன்னபோது காது மடல் சூடானது. அப்புறம் அதுவும் இல்லை, பழகிப் போய்விட்டது.

அடுத்த அறையில் அவர் மனைவியின் தையல் மெஷின். பள்ளிச் சீருடை, கோட்டு, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பாள். துணியை மடித்துப் பிடிக்கும்போது நாலைந்து குண்டூசிகளைக் கீழுதட்டால் கவ்விக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவிக் குத்துவாள். ஊசிகளைக் கவ்வியபடியே போனில் வாடிக்கையாளரிடம் பேசுவாள், கணவனைத் திட்டுவாள், சிரிக்கவும் சிரிப்பாள். ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. நடுவில் இருந்தது மெல்லிய சுவர் என்பதால், "வேணும்னுதான் விட்டிருக்கேன்" அவளுக்கும் மனப்பாடம். அப்படிச் சொன்ன நாட்களில் அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உர்ரென்று உட்கார்ந்திருப்பதையும் அவள்தான் பார்ப்பாள்.

டாக்டருக்கு ஒரு தம்பி. அவனும் பல் டாக்டர்தான், ஆனால் மேற்கொண்டு மூன்று வருஷம் படித்து, வாய்க்கும் தாடைக்குமான அறுவை சிகிச்சை நிபுணன் ஆனவன். பாலத்துக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட மருத்துவமனையில் இருக்கிறான். சிக்கலான ஞானப்பல் என்றால் ஊரிலுள்ள அத்தனை பல் டாக்டர்களும் கடிதம் எழுதிக் கொடுத்து நோயாளியை அவனிடம்தான் அனுப்புவார்கள், அண்ணன் ஒருவரைத் தவிர.

நாலு வருஷத்துக்கு முன்னால் பல் டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் தம்பி மேடையேறி, வேறெங்கோ பல்லைப் பிடுங்கிக்கொண்டு தன்னிடம் வந்த ஒரு நோயாளியின் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினான். முறிந்த வேர், அதைச் சுற்றிக் கண்டபடி குடைந்த எலும்பு. "இப்படி எடுக்கக்கூடாது என்பதற்கு இது உதாரணம்" என்றான். பேரையெல்லாம் மறைத்துத்தான் காட்டினான். ஆனால் குடைந்திருந்த தினுசைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தன் கையெழுத்தையே பார்த்த மாதிரி இருந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்றைக்கு எழுந்து வந்தவர்தான், தம்பி வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அது அண்ணன் கைவேலை என்று தம்பிக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்டால் கௌரவம் என்னாவது?

இந்த நிலவரத்தில்தான் மனைவிக்கு வலதுபக்கக் கீழ் ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கியது. ஒரே வருஷத்தில் மூன்று தடவை. "ஒரு நாள் உக்காரு, பத்து நிமிஷத்துல எடுத்து வீசிடறேன்" என்றார் டாக்டர். அவள் சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிப் பாலத்தைத் தாண்டிப் போய்விட்டாள். கன்னம் உப்பித் திரும்பி வந்தபோது கையில், வாய் ஒட்டிய கடித உறை ஒன்று இருந்தது.

"தம்பி குடுத்தாரு. உங்களுக்குத்தான். படிச்சுப் பாத்துடுங்க."

ஊர் முழுக்கப் பல்லைப் பிடுங்குகிறவன் வீட்டுப் பெண்டாட்டி, அடுத்தவனிடம் போய் வாயைத் திறந்திருக்கிறாள்! அவர் இரண்டு நாள் பேசவில்லை. உறையைப் பிரிக்காமல், குறடுகள் வைக்கிற இழுப்பறையின் அடியில் செருகிவிட்டார். "படிச்சீங்களா?" என்று அவள் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அவர் பேப்பரைப் புரட்டினார்.

எட்டு மாதம் ஓடியது. ஒருநாள் குளிர்ந்த தண்ணீர் குடித்தவள் வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பல் கூசுகிறது என்றாள். டாக்டர் உட்காரவைத்து ஒரு சின்ன எக்ஸ்ரே எடுத்தார். கூசியது ஞானப்பல்லுக்கு முந்தைய பல். தேய்த்துத் தேய்த்து அதன் கழுத்து கரைந்திருந்தது, அவ்வளவுதான். கொஞ்சம் பூச்சு வைத்தால் தீர்ந்தது. ஆனால் அவர் கண் அங்கே நிற்கவில்லை. படத்தின் ஓரத்தில், எலும்புக்குள் இரண்டு வேர்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. மேல்பாதி இல்லை, வேர் மட்டும்.

டாக்டரின் முகம் மலர்ந்தது. கட்டிய மனைவியின் வாயில் கோளாறு என்று நினைத்து மலர்ந்த முகம் அது, இதை அழகாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"பாத்தியா? பெரிய நிபுணன்! வேரை உடைச்சு உள்ளயே விட்டுட்டு அனுப்பியிருக்கான் உன் கொழுந்தன்."

"உடைக்கலைங்க. வேணும்னுதான் விட்டாரு. நரம்பு பக்கத்துல இருக்காம். மேல் பாதியை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை விட்டுட்டா எலும்பு மூடிக்கும்னாரு."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "வேணும்னு விட்டானா? இருபத்தெட்டு வருஷமா அந்த டயலாக்கைச் சொல்றவன் நான். என்கிட்டயேவா?"

"நீங்க எடுத்த பிறகு சொல்வீங்க. அவரு எடுக்கறதுக்கு முன்னாடியே சொன்னாரு. படம் போட்டுக் காட்டிட்டு, என்னைக் கையெழுத்து போடச் சொன்னாரு."

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? அந்த ஒரு வாக்கியத்தை ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். இழுப்பறையைத் திறந்து உறையைக் கிழித்திருந்தால் அதைவிட நல்லது. அவருடைய பொய்யே அவர் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. ஆயிரம் தடவை தான் சொன்ன அதே வார்த்தையை ஒருத்தன் உண்மையாகவே சொல்லியிருப்பான் என்று நம்ப அவருக்கு வழியே இல்லாமல் போயிற்று.

"இன்னைக்கே எடுத்துடறேன்" என்றார். அவள் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். பாலம் தாண்டிப் போன குற்றத்துக்காக எட்டு மாதமாக அந்த வீட்டில் சரியான பேச்சு கிடையாது. ஒரு தடவை இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சனியன் ஒழியும் என்று நினைத்தாளாம், பின்னால் அவளே சொன்னாள். உட்கார்ந்தாள்.

ஊசி போட்டார். ஈறைக் கீறி விலக்கி, எலும்பைக் கொஞ்சம் குடைந்து, நெம்புகோலை வேரின் பக்கவாட்டில் செருகித் திருப்பினார். மரத்துப்போயிருக்க வேண்டியவள் நாற்காலியிலிருந்து துள்ளினாள். கைப்பிடியில் விரல்கள் வெளுத்தன. "உதட்டுல கரண்ட் அடிச்ச மாதிரி..." என்று குழறினாள்.

அது என்ன என்று அவருக்குத் தெரியும். முதல் வருஷ மாணவனுக்கே தெரியும், நரம்பைத் தொட்டால்தான் அப்படி இருக்கும். அந்த இடத்தில் கையை எடுத்திருக்க வேண்டும். "சரியா மரக்கலை" என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டு மறுபடி நெம்பினார். குபுக்கென்று கரும் ரத்தம் பொங்கியது. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார். ரத்தம் அடங்கியதும் இரண்டு வேர்களும் முழுசாக வந்தன.

வேரை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தம்பியால் முடியாததை முடித்துவிட்ட பெருமை ஒரு விநாடி இருந்தது. வேரின் குறுக்கே, வழவழப்பாக, ஒரு பள்ளம் ஓடியிருந்தது. நரம்பு இத்தனை வருஷமும் அதற்குள்தான் படுத்திருந்தது. வேர் முழுசாகத்தான் இருந்தது, எங்கும் முறியவே இல்லை. மேல்பாதியை அளவெடுத்தாற்போல் நேராக வெட்டியிருந்தார்கள். வேரைத் துணியில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே, முதுகு காட்டியபடி சொன்னார்: "நல்லபடியா வந்துடுச்சு."

மறுநாள் உதடு மரத்திருந்தது. "ஊசி வேகம். ரெண்டு போட்டோம்ல" என்றார். ஒரு வாரம் கழித்து, "வீக்கம் அழுத்துது" என்றார். ஒரு மாதத்தில் சத்து மாத்திரை வந்தது. இரண்டாம் மாதம் அவளாகவே, "தம்பிகிட்ட ஒரு தடவை காட்டலாமா?" என்று கேட்டாள். "எல்லாம் தானா சரியாப் போயிடும், நானும் டாக்டர்தான்" என்று எரிந்து விழுந்தார். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. டம்ளரை வைத்துக் குடித்தால் ஓரத்தில் ஒழுகியது. சோற்றுப் பருக்கை முகவாயில் ஒட்டியிருப்பது தெரியாமல் போனில் பேசுவாள்.

ஐந்தாவது மாதம் ஒரு மதியம், தைக்கக் கொடுத்திருந்த கோட்டைக் கேட்டு வாடிக்கையாளர் ஒருத்தி வந்திருந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பெண் "ஐயோ!" என்று கத்தியது கேட்டு டாக்டர் ஓடினார். மனைவி பழக்கதோஷத்தில் குண்டூசிகளை உதட்டில் கவ்வியிருந்தாள். ஒன்று குறுக்கே திரும்பி உதட்டைத் துளைத்து வெளியே வந்திருந்தது. ரத்தம் முகவாயில் வழிந்து, வெள்ளைத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே, "என்னாச்சு, ஏன் கத்துறீங்க?" என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஊசியை உருவியவர் அவர்தான். அப்போதும் அவள் முகம் சுளிக்கவில்லை. அவர் நேரே போய் இழுப்பறையைக் கவிழ்த்து உறையைக் கிழித்தார்.

தம்பியின் கையெழுத்து. "அண்ணா, அண்ணியின் பல்லில் இரண்டு வேருக்கும் நடுவில் நரம்பு ஓடுகிறது. படம் வைத்திருக்கிறேன். அதனால் வேரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அண்ணிக்கு விவரம் சொல்லியாயிற்று. நாளாக நாளாக வேர் தானே நரம்பை விட்டு மேலே நகரும். தொந்தரவு கொடுத்தால் தொடவேண்டாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், நான் வருகிறேன். நீங்கள் கூப்பிட்டால் எப்போதும் வருவேன்." ஸ்கேன் படத்தில் நரம்பு போகிற பாதையைச் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தான்.

மறுநாள் காலை இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டினார்கள். தம்பி அண்ணியைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, பஞ்சு நுனியால் முகவாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "இங்க தெரியுதா அண்ணி?" "தெரியலை தம்பி." "இங்க?" "எங்க?" உணர்ச்சி நின்றுபோகிற இடத்தையெல்லாம் பேனாவால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்தான். கீழுதட்டின் நடுவிலிருந்து முகவாய் வரை, வலதுபாதி முழுவதையும் ஒரு நீலக்கோடு வளைத்துக்கொண்டது.

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம்" என்றாள் அவள். டாக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பி பேனாவை மூடினான். "முதல் மாசமே வந்திருந்தீங்கன்னா திறந்து பாத்து ஏதாவது பண்ணியிருக்கலாம். இப்பவும் முயற்சி பண்றேன். ஆனா பொய் சொல்ல மாட்டேன் அண்ணி. முழுசாத் திரும்பாது." பிறகு அண்ணன் பக்கம் பார்க்காமலே, தாழ்ந்த குரலில் சொன்னான்: "அண்ணா, கவலைப்படாதீங்க. இதை நான் எந்தக் கூட்டத்துலயும் காட்ட மாட்டேன்."

ஆக, அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அது சுருக்கென்று தைத்தாலும், டாக்டரின் தோள் தன்னையறியாமல் தளர்ந்தது. நெஞ்சுக்குள் ஒரு அப்பாடா. அதை அவள் பார்த்துவிட்டாள்.

"காட்டுங்க தம்பி" என்றாள். பாதி உதடு ஒத்துழைக்காததால் வார்த்தை கொஞ்சம் சரிந்துதான் வந்தது. "என் பேரைப் போட்டே காட்டுங்க. அவரு பேரையும் போட்டுக் காட்டுங்க."

திரும்பி வருகையில் பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரர்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். பேனாக் கோடு அப்படியே இருந்தது.

"முகவாயைத் தொடைச்சுக்கோ" என்றார் டாக்டர் மெதுவாக.

"எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே தொடைச்சு விடுங்க."

அவர் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தார். மை லேசில் போகவில்லை. வலித்துவிடுமோ என்று பூப்போலத் தொட்டு, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தார். அவள் ஜன்னல் வழியாகப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் போனதும், திரும்பாமலே கேட்டாள்: "என்ன, இன்னும் தொடைக்க ஆரம்பிக்கலையா?"

அவர் கை அவள் முகவாயில்தான் இருந்தது.