கொஞ்சம் ஷார்ட்டர்

வெட்டிய துணி மேசையில் கிடந்தது. கருநீல நிறத்தில், ஏறத்தாழ ஒரு முழ அகலத்துக்கு, சுற்றி வளைத்து ஒரே பட்டையாக. அங்கியின் மேல்பாதியை முதலாளி தோள்பட்டைகளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். முழங்காலோடு நின்றுவிட்ட அந்த அங்கி, பாதியில் பேச்சை நிறுத்திக்கொண்டவர் மாதிரித் தொங்கியது.

"ஏம்மா, அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"ஷார்ட்டுன்னு கேட்டாங்க சார்."

"ஷார்ட்டா, ஷார்ட்டரா?"

அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. "ஆமா சார்" என்றாள்.

"எது ஆமா?"

அது வெளிநாட்டில் ஒரு தமிழர் நடத்தும், உடைகளைத் திருத்தித் தரும் கடை. ரசீதில் 'ஷார்ட்' என்று எழுதினால் முழங்கால் அளவு. அதுதான் கடை வழக்கம். 'ஷார்ட்டர்' என்றால் இருக்கிற நீளத்தில் இரண்டு விரல் குறைக்க வேண்டும். அங்கியைக் கொடுத்த வெள்ளைக்கார அம்மாள் அவசரத்தில் இருந்தார். போட்டுக் காட்ட நேரமில்லை, அளவுதான் முன்பே உங்களிடம் இருக்கிறதே என்று சைகையால் சொல்லிவிட்டு ஓடினார். பின்கட்டு அறையில் நாலு வருஷமாக ஒரு துணியையும் கெடுக்காதவள், முன்கவுண்டருக்கு வந்த முதல் வாரத்திலேயே இப்படிச் செய்துவிட்டாள்.

"சாயங்காலம் வருவாங்க. நீயே சொல்லு. இதக்கூட சொல்ல முடியலன்னா கவுண்டருக்கு வேற ஆளத்தான் பாக்கணும். வர்றவங்க தைக்கவும் தெரிஞ்சவங்களா இருப்பாங்க. ரெண்டு பேருக்கு இங்க வேலை இல்ல, உனக்கே தெரியும்." முதலாளி கெட்டவர் அல்ல. கத்தியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். கணவனின் அண்ணன் மனைவி பெரியவள். இரண்டு குடும்பமும் ஒரே கட்டடத்தில், மேலும் கீழுமாக இருந்தன. பெரியவள் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்த்தாள். போனில் அவள் ஆங்கிலம் பேசுவது படிக்கட்டு வழியாகத் தண்ணீர் மாதிரி இறங்கி வரும். சின்னவளின் கணவன் வேன் ஓட்டுகிறவன். கவுண்டர் வேலை என்றதும் அவனே வாத்தியாராகிவிட்டான். அன்று காலைகூட, ஒரு காலில் சாக்ஸோடு நின்றுகொண்டு பாடம் நடத்தினான்.

"சொல்லு. அண்ணி இஸ் டாலர் தேன் மீ."

"அக்கா இஸ் டால் தேன் மீ."

"டாலர்! 'அர்' போடு, 'அர்'. சரி, இது. அண்ணி இஸ் ஃபாஸ்டர் தேன் மீ."

"உங்களுக்கு வேற உதாரணமே கிடைக்காதா? மேசை, நாற்காலி, எதுவும் கிடைக்காதா?"

"அண்ணிய விட நீ எதுல பெட்டர்னு சொல்லு, அதையும் வச்சுக்கலாம்" என்று சிரித்துவிட்டு இன்னொரு சாக்ஸைத் தேடப் போனான். அவன் அதை விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் தட்டைக் கழுவும்போது அவள் கைக்கு வழக்கத்தை விட அதிகமாகவே வேகம் வந்தது.

தமிழில் இந்தத் தொல்லையே இல்லை என்று நினைத்துக்கொண்டாள். உயரம் உயரமாகவே இருக்கும், குட்டை குட்டையாகவே இருக்கும். நடுவில் ஒரு 'விட' போட்டால் போதும். எந்தச் சொல்லும் வால் முளைத்து நிற்க வேண்டியதில்லை. அவளை விட, இவளை விட. விட என்றால் விட்டுவிடுவதுதானே? ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து யாரும் விடுகிறபாடாக இல்லை.

மதிய இடைவேளையில் கணவனை அழைத்தாள். வண்டிச் சத்தத்துக்கு நடுவே, "நான் காலைலயே சொன்னேனா இல்லையா?" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். சோற்றுப் பெட்டியைத் திறக்காமலே மூடினாள். தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடி, கடவுளே, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, அந்த ஒரு வாலை மட்டும் என் காதில் விழவிடு என்று வேண்டினாள். கண்ணைத் திறந்தபோது எந்தப் பதிலும் வந்திருக்கவில்லை. கை மட்டும், அவள் சொல்லாமலே, பெரியவளின் எண்ணைத் தொட்டிருந்தது.

"என்னடி, அதிசயமா இருக்கு?"

சின்னவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, கேலிச் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.

"ஐ மேட் இட் டூ ஷார்ட். ஐ ஆம் சாரி. அவ்வளவுதான், இத மட்டும் சொல்லு."

"'அர்' வேண்டாமா?"

"'டூ' வந்தா வேண்டாம்."

"ஏன்க்கா வேண்டாம்? காலைலருந்து அர் அர்னு உயிர வாங்கறாரு. இப்ப நீங்க வேண்டாங்கறீங்க!"

"எனக்கென்னடி தெரியும், அது அப்படித்தான். நான் இங்க வந்து ஒரு வருஷம் 'மோர் பெட்டர்', 'மோர் பெட்டர்'னு சொல்லிட்டு இருந்தேன். எல்லாரும் தலையாட்டினாங்க, ஒருத்தரும் திருத்தல. பின்னால போய்ச் சிரிச்சிருக்காங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"மொதல்ல சாப்பிடு."

சிரிக்க வாய்ப்பிருந்தும் ஒருவர் சிரிக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது கேலிக்கு ஆளானவர்களுக்குத் தெரியும். சின்னவள் பெட்டியைத் திறந்து நாலு வாய் சாப்பிட்டாள். ஆனாலும் எரிச்சல் முழுதாக அடங்கவில்லை. இத்தனை நாள் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் இதை ஏன் இவள் சொல்லவில்லை, நான் ஏன் கேட்கவில்லை என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அந்த அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும், பருத்த உடம்பு, மாடிப்படி ஏறி வந்த மூச்சு. சின்னவள் அங்கியையும் பட்டையையும் கவுண்டரில் வைத்தாள். ஒளித்து வைத்து, பிறகு எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"ஐ மேட் இட் டூ ஷார்ட். ஐ ஆம் சாரி."

அந்த அம்மாளின் முகம் சிவந்தது. வேகமாக ஏதோ சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, சர்ச், பாட்டுக் குழு, வரிசை, எல்லாரும் ஒரே நீளம் என்பது மட்டும் சின்னவளுக்குப் புரிந்தது. அவருடையது மட்டும் தரையில் இழுபட்டதால் கொடுத்திருக்கிறார். அதைக் கையால் காட்டினார். குரலில் இருந்தது கோபமா, அழுகையா என்று தெரியவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்த முதலாளி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தபடி நின்றார்.

"ப்ளீஸ்" என்று உடை மாற்றும் அறையைக் காட்டினாள் சின்னவள். வேறு சொல் அகப்படவில்லை.

அவர் அங்கியை அணிந்து வெளியே வந்து நிலைக்கண்ணாடி முன் நின்றார். வெளுத்த முழங்கால்களைக் கையால் மறைக்கப் பார்த்து, முடியாமல் விட்டார். சின்னவள் தரையில் மண்டியிட்டாள். குண்டூசிகளைப் பல்லில் கவ்விக்கொண்டு, வெட்டிய பட்டையை அங்கியின் விளிம்போடு சேர்த்துப் பிடித்தாள். மறுபடி ஒட்டுப்போடலாம். மேலே ஒரு விரல், கீழே ஒரு விரல் தையலுக்குள் போகும். ஆக இரண்டு விரல் குறையும். இவர் கேட்டதும் இரண்டு விரல்தான். ஆனால் முழங்காலைச் சுற்றி ஒரு கோடு விழும். நீலத்தில் நீல நூல்தான், இருந்தாலும் தேடுகிற கண்ணுக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்ல அவளிடம் ஆங்கிலம் இல்லை. பட்டையைப் பழைய நீளத்துக்கே இறக்கிப் பிடித்து, ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஷார்ட்?"

அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தார், பிறகு குனிந்து அவளைப் பார்த்தார். முகத்தில் சிவப்பு இன்னும் போகவில்லை.

"ஷார்ட்டர்" என்றார்.

வேகமாகச் சொல்லவில்லை. குழந்தைக்குச் சொல்வது போலவும் இல்லை. பாடுகிறவர் கடைசி எழுத்தைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பது போல, முழுதாகச் சொல்லி முடித்தார். சின்னவளுக்கு அந்த வால் முதல்முறையாகத் தனியாகக் கேட்டது. பட்டையை ஒரு விரல் மேலே ஏற்றினாள்.

"ஷார்ட்டர்?" என்று அவளே கேட்டாள்.

அந்த அம்மாள் கண்ணாடியில் முழங்காலைச் சுற்றிப் போகும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு விரல் ஏற்றி, இரண்டு துணிகளையும் சேர்த்துப் பிடித்தபடி, குண்டூசியின் முனையைத் துணியின் மேல் வைத்து, குத்தாமல், சின்னவள் அவருடைய வாயையே அண்ணாந்து பார்த்திருந்தாள்.