நான்காம் புள்ளியின் குடிபெயர்வு

மழை தொடங்கிய அறுபத்திரண்டாம் நாள் காலையில், கழிமுக ஆய்வகத்தில் சேறு சலிக்கும் பெண்ணின் வாடகை வீட்டுத் தரை சேறாகியிருந்தது. சமையலறையில் நான்கு விரற்கடை ஆழம், கூடத்தில் ஆறு. குளியலறை மட்டும் பழைய சிமெண்டாகவே இருந்தது. கூரை ஒழுகவில்லை, குழாய் உடையவில்லை, பக்கத்து வீடுகள் காய்ந்தே கிடந்தன. சேறு முழுக்கக் குண்டூசித் தலை அளவில் துளைகள். ஒவ்வொன்றிலிருந்தும் நூல் போன்ற புழு ஒன்று தலை நீட்டிப் பார்த்து, உள்ளே போய், மறுபடி எட்டிப் பார்த்தது. அவை ஒரு நிமிடமும் சும்மா இருக்காததால் வீட்டில் யாராலும் சும்மா இருக்க முடியவில்லை. மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி கால்களை மாற்றி மாற்றி மடித்தார். இழுவைப் படகு ஓட்டும் கணவன் ஒரே தேநீரை மூன்று இடங்களில் நின்று குடித்தான். நாத்தனார்தான் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணி, ஆபீஸ் வேலைய வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றாள்.

சலிக்கும் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. புழுக்கள் எல்லாமே ரோஜா நிறத்தில் இருந்தன. கழிமுகத்தில் புள்ளி என்று எண்ணிட்ட ஒன்பது இடங்களில் மாதம் ஒருமுறை இரும்புக் கவ்வியை இறக்கி அடிச்சேற்றை அள்ளுவார்கள்; அதில் ரோஜா நிறச் சாயம் கலந்து சல்லடையில் அலசினால், சாயமேறிய உயிர்கள் மேலே தங்கும்; அவற்றை எண்ணுவது அவள் வேலை. கோடையில் கடலின் உப்பு உள்ளே ஏறி, அடி மணலாக இருக்கும்போது சிப்பிகளும் தடித்த புழுக்களும் பெருகும். மழையில் ஆறு நன்னீரையும் மாவு போன்ற வண்டலையும் கொண்டுவந்து கொட்ட, பெரியவை செத்தோ விலகியோ போய், குஞ்சுகள் மட்டும் மிஞ்சும். அதற்கென்றே அரை மில்லிமீட்டர் கண் வைத்த நைலான் சல்லடை ஒன்று உண்டு. அது ஓரத்தில் கிழிந்திருந்தது. புதிது கேட்டு எழுதுவதைத் தள்ளிப்போட்டு, இரண்டு மாதமும் பெரிய கண் கொண்ட கோடைச் சல்லடையிலேயே சலித்து, நான்காம் புள்ளிக்கு நேரே பூஜ்யம் என்று எழுதியிருந்தாள். அதன் கண் வழியாக விழுந்தவைதான் இப்போது அடுப்படியில் இருந்தன. சாயமேற்றுமுன் மருந்தில் போட்டுக் கொன்றுவிடுவது வழக்கம். இவை அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அந்த இரண்டு பூஜ்யங்களை வைத்து, நான்காம் புள்ளியில் உயிரே இல்லை, துறைமுகத்தில் தோண்டும் மண்ணை அங்கே கொட்டலாம் என்று மேலதிகாரி அறிக்கை எழுதி முடித்திருந்தார். அவர் பேச்சில் எப்போதும் அடி தெரியாது என்பதால் ஆய்வகத்தில் அவருக்குக் கலங்கல் என்று பெயர். வியாழக்கிழமை கையெழுத்து. மண் விழுந்துவிட்டால் கோடையில் இவை திரும்பிப் போக இடம் இருக்காது. அவளுடையது தற்காலிக வேலை. தப்பை ஒப்புக்கொண்டால் அது போகலாம்.

"பேசாம இரு. தண்ணி அடிச்சுக் கழுவிடலாம்," என்றான் கணவன். துறைமுக மண்ணை ஏற்றும் தெப்பத்தை இழுக்கப்போவதும் அவன் படகுதான்.

"கழுவி எங்கடா விடுவ, சாக்கடையிலயா?" என்றார் மாமியார். "வீடு தேடி வந்ததுங்கள அப்படித்தான் அனுப்புவியா?"

இரண்டு நாள் அவள் சேற்றின் குறுக்கே போட்ட பலகை மேல் நடந்துகொண்டே இருந்தாள். புதன்கிழமை மாலை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த நைலான் சல்லடையின் கிழிசலை நாத்தனார் தையல் இயந்திரத்தில் அடைத்துக் கொடுத்தாள். சமையலறையில் மூன்று கை அள்ளிச் சலித்ததில் நானூற்றுப் பன்னிரண்டு. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினாள்; நானூற்றுப் பதினான்கு. மறுநாள் காலை அவற்றைப் போட்ட பாட்டிலோடு கலங்கல் முன்னால் போய் நின்றாள்.

"சார், தப்பான சல்லடையில சலிச்சுட்டேன். ரெண்டு மாசமும்."

"இது எங்க எடுத்தது?"

"எங்க வீட்டுச் சமையலறையில சார்."

கலங்கல் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். "சமையலறையில உப்பு எவ்ளோ?"

"ரெண்டு சார். கூடத்துல மூணு."

அவர் நேரிலேயே வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை மடித்து, அடுப்புக்கு அருகில் உப்புமானியைக் குத்திப் பார்த்து, "நாலாம் புள்ளிதான்," என்றார். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியது அந்த ஒரு முறைதான். அறிக்கை கிழிக்கப்பட்டது. சலிக்கும் பெண் தண்டனையாக ஆறு மாதம் கவ்வி கழுவினாள், வேலை போகவில்லை. தெப்பம் வேறு பக்கம் இழுக்கப்பட்டது. ஆறு தெளிந்து உப்பு ஏறியதும், விரல் தடிமனாகிவிட்ட புழுக்கள் ஒரு முற்பகலில் வாசற்படி தாண்டி வரிசையாகக் கழிமுகத்துக்குப் போயின. தரை சிமெண்ட் ஆனது.

இந்த அலைக்கழிப்பு போதும் என்று, அடுத்த மழைக்கு முன்பே குடும்பம் ஊரின் மறுகோடியில் மூன்றாம் மாடிக்கு மாறியது. மழை தொடங்கிய அறுபதாம் நாள் அங்கேயும் தரை சேறானது. ஆய்வகப் படிவத்தில் நான்காம் புள்ளிக்கு நேரே இருந்த பழைய வீட்டு முகவரியை அடித்துப் புதியதை எழுதினார்கள். மாமியார் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, "மூணு மாடி ஏறி வந்திருக்குதுங்க, பாவம், காத்துல காஞ்சிடப் போகுதுங்க," என்று மகளிடம் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்.