குழியில் கொட்டிய சாயம்

மோட்டார் அக்கா என்றால்தான் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பொதுக்கிணற்று மோட்டாரைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறவள் அவள். நூற்றிருபது வீட்டுக்கும் குடிக்கிற தண்ணீர் அது ஒன்றுதான்.

கிணற்றுக்கு மேலே, மேட்டில், நாற்பது வீடு கட்டுகிற காண்ட்ராக்டர் வேறு யாருமில்லை, அதே தெருவில் குடியிருக்கிற அவள் கூடப்பிறந்த தம்பி. அங்கே கழிவுக்குழிகள் வரப்போகின்றன என்று கேட்ட நாளிலிருந்து அவளுக்குத் தூக்கம் போச்சு.

"கீழ பூரா பாறைக்கா. உன் கிணத்துக்கு ஒரு சொட்டு வராது."

"பாறைக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்தியாக்கும்! சோதிச்சுக் காட்டுடா."

அவள் மனுக் கொடுத்ததில் நீர் ஆய்வாளர் வந்தார். உடம்புக்குக் கெடுதல் செய்யாத ரோஸ் நிறச் சாயப்பொடி ஒரு டப்பா தந்தார். முதல் குழியில் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். ஒரு வாரம் கிணற்றில் நிறம் தெரியாவிட்டால் குழிகளுக்கு அனுமதிக் கையெழுத்து.

காலை ஒன்பது மணிக்குத் தம்பியே கொட்டினான். லாரித் தண்ணீரையும் திறந்துவிட்டான். "ஒரு வாரம் என்னக்கா, ஒரு வருஷம் உக்காந்து பாரு," என்று கேலி பேசிக்கொண்டே அவளோடு மோட்டார் அறைக்கு இறங்கி வந்தான்.

பதினொன்றரைக்கு அவள் மோட்டாரைப் போட்டாள். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, தம்பி மனைவி ஓடிவந்தாள். இடுப்பில் ஏழு மாதக் குழந்தை, சோப்பு நுரையோடு. கையில் குளிக்கிற மக்கு.

"அண்ணி, இதப் பாருங்க!"

மக்கில் ரோஸ் தண்ணீர்.

மோட்டார் அக்கா மக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு வாரம் என்றாரே மனுஷன், மூன்று மணி நேரம் ஆகவில்லையே! சட்டென்று சுவிட்சை அணைத்தாள். நல்லவேளை, குழி இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை என்று மூச்சு விட்டவள், தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடா?"

"அக்கா... அந்தக் குழி..."

"சொல்லித் தொலை!"

"ரெண்டு மாசமா வேலையாளுங்களுக்கு அதான் கக்கூஸ். அம்பது பேரு."

தம்பி மனைவி முந்தானையால் குழந்தையின் உதட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பல்லு முளைக்குது, அதான் வயித்தால போகுதுன்னு சொன்னீங்களே?" என்று புருஷனைக் கேட்டாள்.

அக்கா ஃபியூஸைப் பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைய டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடும்மா. டேய், போன் போட்டுக் குழிய மூடச் சொல்லு. அப்புறம் நூத்திருபது கதவையும் நீதான் தட்டணும். நானும் கூட வரேன்."

"என்னன்னுக்கா சொல்றது?"

"எங்கிட்ட சொன்னியே, அதத்தான்."

எதிர்வீட்டுக் கதவைத் தட்டத் தூக்கிய அவன் கை, மணிக்கட்டு வரை ரோஸ் நிறமாக இருந்தது.