நத்தை முந்திய கார்

பாத்திரக்கடைக்காரரின் காரை, மேட்டுச் சந்தைக்குப் போகும் மலைச்சாலையின் இரண்டாவது வளைவில், ஒரு நத்தை முந்திக்கொண்டு போனது. விதிப்படி இடம் விட்டுத்தான் முந்தியது, காரை உரசவில்லை, முந்திய பிறகு ஓரத்துக்கு ஒதுங்கியும் கொண்டது. எனவே நத்தையின் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. காரை ஓட்டியவர் கடைக்காரரின் மனைவி. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்திருந்தார். எஞ்சின் குறையில்லாமல் முழங்கியது, பெட்ரோல் முள் கண்ணெதிரே இறங்கியது, பின்சீட்டில் அடுக்கியிருந்த அலுமினியக் குண்டான்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. நகர வேண்டியது மட்டும் நகரவில்லை. மேலே சந்தை மணி அடித்தது அவர் காதில் விழுந்தபோது, நத்தை அடுத்த வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.

அந்த மணிதான் விஷயம். மேட்டுச் சந்தையில் வாசலை ஒட்டிய மூலைக்கடை அவருடையது; கணவருடையது அல்ல. கல்யாணமான புதிதில் ஒரு கோணியை விரித்து, கொஞ்சம் கரண்டிகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிடித்த இடம் அது. கோணியைக் கடையாக்கியது அந்தக் கார்தான். சரக்கைக் கணவரிடமே எடுத்தார், அதையும் பேரம் பேசித்தான் எடுத்தார். தூங்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் விலை ஓடிக்கொண்டே இருக்கும், இருவருக்கும் அது பிடித்தும் இருந்தது. சந்தையின் விதி, மணி அடிக்கும்போது கடை திறந்திருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று சந்தை தவறினால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நத்தை முந்தியது இரண்டாவது தவறல். சந்தை மேலாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். பிளாஸ்டிக் வாளிக்காரர் வருத்தமில்லாமல் டேப்பை எடுத்துவந்து மூலைக்கடையின் அகலத்தை அளந்துவிட்டுப் போனார். வாடகைக்கு வேன் பிடிக்கலாமே என்று யோசனை சொன்னவர்களை மூலைக்கடை அம்மா ஒரு பார்வை பார்த்தார். அவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

மெக்கானிக் அந்த அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வேலையிலும் கெட்டி, வாயிலும் கெட்டி. சட்டையில் ஒரு சொட்டு ஆயில் படாமல் எஞ்சினைப் பிரித்து மாட்டுவதில் அவருக்குத் தனி மிதப்பு உண்டு. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான்கா" என்றார். மாற்றியும் பார்த்தார், இவ்வளவுதான் இல்லை. பிளக்குகளை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பெட்ரோல் பம்பில் கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். சைலன்சர் அடைத்திருக்கிறதா என்று புகைக்குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கை பின்னால் தள்ளப்பட்டது. பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று சக்கரங்களைத் தூக்கி ஒற்றை விரலால் சுற்றினார், அவை பம்பரம் போலச் சுற்றின. கிளட்ச் வழுக்கவில்லை. சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அழுத்தம் புதுக் கார் நாணும்படி இருந்தது. இதையெல்லாம்விட அவரை எரிச்சலூட்டியது வேறு ஒன்று. ஒர்க்‌ஷாப்பில் கார் சீறியது. அதே காரைக் கொண்டுபோய்ப் பாத்திரக்கடை வாசலில் ஒரு பகல் நிறுத்தினால் சுருண்டுவிட்டது.

"உங்க கடை வாசல்ல அப்படி என்னதான் மாமா இருக்கு?"

"பாத்திரம் இருக்கு மாப்ள. வாங்கிக்கிறியா?"

கடைசியாக மெக்கானிக், எஞ்சின் எவ்வளவு பலமாக மூச்சு இழுக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்றை எடுத்தார். எஞ்சினிலிருந்து ரப்பர் குழாயை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, மீட்டரை டாஷ்போர்டில் டேப் போட்டு ஒட்டினார். மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடைத்தெருவில் ஓட்டினார். முள் நிமிர்ந்து நின்றது, கார் நன்றாகவே போனது. தையல்கடைக்காரர் வாசலில் நின்று, "என்னண்ணே, வண்டி ரெடியாயிடுச்சா?" என்று விசாரித்தார். "எங்க! பழைய இரும்புக்குப் போட்டாக்கூட எடுக்க மாட்டான்" என்றார் பாத்திரக்கடைக்காரர், சிரித்த முகத்தோடு. முள் படுத்துவிட்டது. கார் முனகிக்கொண்டே வேகம் இழந்தது.

"மாமா, இப்ப என்ன சொன்னீங்க?"

"நான் எங்கப்பா பேசினேன்?"

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி; மூச்சு விடுவதை யார் கவனிக்கிறார்கள்? அந்தத் தெருவில் 'இல்லை', 'தர மாட்டேன்' என்றெல்லாம் முகத்துக்கு நேரே சொல்வது மரியாதை கெட்ட செயல். கேட்டவரை மறுக்க மாட்டார்கள், கேட்கப்பட்ட பொருளை மட்டம்தட்டுவார்கள். குடை கேட்டால் ஓட்டைக் குடை என்பார்கள், ஏணி கேட்டால் படி ஆடுகிறது என்பார்கள். கேட்டவரும் புரிந்துகொண்டு, யாருக்கும் மனம் நோகாமல் போய்விடுவார். குடைகளும் ஏணிகளும் இதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. போன வருஷம் கடைக்காரரின் சித்தப்பா மகன் வந்து, மகள் கல்யாணத்துக்குக் காரை இரவல் கேட்டார். அன்று ஆரம்பித்தது. இனி எவனும் கேட்கக் கூடாது என்று, கடைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், வாசலில் நின்ற காரைக் கைகாட்டிக் கைகாட்டி, கடைக்காரர் அதை மட்டம்தட்டிக்கொண்டே இருந்தார். குடை கேட்காததைக் கார் கேட்டுக்கொண்டது.

மெக்கானிக் முறைப்படிதான் சோதித்தார். முதலில் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லச் சொன்னார், முள் அசையவில்லை. "இப்ப என்னைத் திட்டுங்க" என்றார். "இதுக்குத்தானே மாப்ள இத்தனை வருஷம் காத்திருந்தேன்" என்று மாமா ஆரம்பித்து, கல்யாணத்தன்று பந்தியில் நடந்த பழைய விவகாரம் வரைக்கும் போய் மனம் குளிரத் திட்டினார். முள் அப்போதும் அசையவில்லை. ஓட்டை டப்பா என்று காரைச் சொன்னார், விழுந்தது. வியாதி தெரிந்துவிட்டது, வைத்தியமும் தெரிந்துவிட்டது. "இப்ப வண்டியைப் பாராட்டுங்க மாமா." பாத்திரக்கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார், நெற்றியைத் துடைத்தார். ரொம்ப நேரம் கழித்து, "பரவாயில்ல" என்றார். முள் ஒரு மயிரிழை எழுந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

தம்பி வந்து தகவல் சொன்னபோது மூலைக்கடை அம்மா குண்டான்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார். ஆச்சரியப்படவில்லை. "அவருக்குப் பாராட்ட வராதுன்னு எவன் சொன்னது? வாங்கும்போது ஒரு வாய், விக்கும்போது ஒரு வாய். விக்கிற வாயை நீ கேட்டதில்ல" என்றார். பிறகு கணவரிடம் திரும்பி, காரை விலைக்குப் போடச் சொன்னார். கணவர் திடுக்கிட்டார். ஆனாலும் விலை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்ததை மெக்கானிக் பார்த்தார். அவருடைய முழு வாயும் வெளியே வர வேண்டுமென்றால் எதிரில் சரியான ஆள் வேண்டும் என்பதால், உதட்டுப்பிதுக்கியை வரவழைத்தார்கள்.

உதட்டுப்பிதுக்கி பழைய வண்டி வியாபாரி. வாங்குவதற்கென்றே பிறந்தவர். எந்தப் பொருளைக் காட்டினாலும் கீழ் உதட்டைப் பிதுக்கி ஒரு 'ம்ச்' போடுவார், விலை பாதியாகும். ஒரு நாள் விடியற்காலையில் சூரியனைப் பார்த்து அப்படிச் செய்துவிட்டார். அன்று வெயில் ஏற மத்தியானம் ஆனது. கார் மலை ஏறுவதைக் கூடவே இருந்து பார்க்காமல் விலை பேச மாட்டேன் என்றார். அதைத்தான் அந்த அம்மாவும் எதிர்பார்த்தார். மூன்றாவது சந்தை நாள் காலையில் சரக்கை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள்: ஸ்டியரிங்கில் அந்த அம்மா, பக்கத்தில் கணவர், பின்னால் குண்டான்களுக்கு நடுவில் மெக்கானிக்கும் உதட்டுப்பிதுக்கியும்.

அடிவாரத்திலேயே கடைக்காரர் ஒரு விலை சொல்ல, பேரம் ஆரம்பித்தது. "கதவைச் சாத்துங்க அண்ணே, அந்தச் சத்தத்தைக் கேளுங்க. பேங்க் லாக்கர் மூடுற மாதிரி இல்ல?" என்றார் பாத்திரக்கடைக்காரர். முள் துள்ளியது, கார் சரிவில் சீறி ஏறியது. அந்தக் காரின் தகடு எவ்வளவு தடிமன், எந்த மழையில் எத்தனை பேரை நனையாமல் கொண்டுவந்தது, எந்த வெள்ளத்தில் மற்ற வண்டிகள் நின்றபோது இது மட்டும் நடந்தே வந்தது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் உண்மை. இத்தனை உண்மையைத் தன் கணவர் வயிற்றுக்குள் வைத்திருந்தார் என்பது அந்த அம்மாவுக்கே அன்றுதான் தெரியும். உதட்டுப்பிதுக்கியும் சும்மா இருப்பவர் இல்லை. "ம்ச். ஸீட்டு தொங்குது" என்றார், கார் தயங்கியது. "தொங்கல அண்ணே, உக்காந்தவங்களுக்கு இடம் குடுத்துப் பழகியிருக்கு" என்றார் இவர், ஏறியது. "பெயிண்ட் வெளுத்துப்போச்சு." தயங்கியது. "வெயிலுக்கு ஒதுங்காத வண்டி." ஏறியது. இப்படி இழுத்தும் விட்டும் முதல் வளைவு, இரண்டாவது வளைவு, அதற்கு மேலும் போனது. சாலையோரம் நடந்துபோனவர்கள், வண்டிக்கு விக்கல் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள்.

கடைசி வளைவில் சந்தையின் கூரைகள் தெரிந்தன. மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பதும், மூலைக்கடைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளிகள் கோபுரமாக அடுக்கியிருப்பதும் தெரிந்தன. உதட்டுப்பிதுக்கி அதுவரைக்கும் வைத்திருந்ததை அப்போதுதான் எடுத்தார். ஒன்றும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொட்டாவி விட்டார். எந்த வியாபாரியாலும் தாங்க முடியாத அடி அது. பாத்திரக்கடைக்காரர் பதறிப்போனார்; பரம்பரைப் பழக்கம் அவர் நாக்கைப் பிடித்துக்கொண்டது. "சரி அண்ணே, உங்களுக்காகக் கொஞ்சம் குறைச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

கார் நின்றது. முள் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. பிறகு கார் மெதுவாகப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. அந்த அம்மா ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தார்.

"குறைக்க வேண்டாம்" என்றார். "நான் வாங்கிக்கிறேன்."

"நீயா?" என்று கணவர் திரும்பினார். "எவ்வளவுக்கு?"

"நீங்க அடிவாரத்துல சொன்ன விலைக்கு மேல."

அந்த அம்மா ஸ்டியரிங் மேல் கையை வைத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே பேசினார். "இந்த மாதிரி வண்டி இந்தச் சாலையில வேற இல்ல. என் கடையை முதுகுல சுமந்துகிட்டு ஏறினது இது. என் ரெண்டு பிள்ளைங்களும் இதோட பின்சீட்டுல தூங்கி எந்திரிச்சு வளந்தாங்க. ஒரு நாளும் என்னை நடுவழியில விட்டதில்ல. விட்டப்பவும் தப்பு வண்டி மேல இல்ல."

உதட்டுப்பிதுக்கி தொழில் தர்மத்துக்காகவாவது குறுக்கிட வேண்டியிருந்தது. "அம்மா, நீங்க வாங்குறவங்க. வாங்குறவங்க இப்படிப் பேசக் கூடாது. விலை ஏறிடும்."

"ஏறட்டும்ணே."

மீட்டர் முள் எண்களைத் தாண்டி, எண் இல்லாத இடத்துக்குப் போய், அங்கேயே வளைந்துகொண்டது. ஹேண்ட்பிரேக்கை அந்த அம்மா விடுவித்தாரா இல்லையா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. கார் கடைசி வளைவை ஒரே மூச்சில் ஏறி, மணிக்காரர் கயிற்றை இழுப்பதற்குள் சந்தை வாசலில் நின்றது. மணி அடித்தபோது மூலைக்கடையின் முதல் குண்டான் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் வாளிக்காரர் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரும் வியாபாரிதான், முகம் சுளிக்கவில்லை. அன்றைய வியாபாரம் முடிந்ததும் அந்த அம்மா தன் கல்லாவிலிருந்து காருக்கான முழுத் தொகையையும் எடுத்துக் கணவர் கையில் கொடுத்துச் சாவியை வாங்கிக்கொண்டார். சொன்ன விலைக்கு மேல் கொடுத்த ஒரே வாடிக்கையாளர் தன் வீட்டிலேயே இருக்கிறார் என்று பாத்திரக்கடைக்காரர் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். உதட்டுப்பிதுக்கி நேரில் பார்த்த சாட்சி என்பதால் நம்பாமல் இருக்க வழியில்லை. மெக்கானிக் தன் கட்டணத்தைக் கேட்டார். கார் இப்போது அக்காவுடையது என்று மாமாவும், பழுது பார்த்த சமயம் அது மாமாவுடையது என்று அக்காவும் சொன்னார்கள். அந்தப் பேரம் இன்னும் முடியவில்லை.

அடுத்து வந்த வருஷங்களில் கார் வலுத்துக்கொண்டே போனது. முதலில் எல்லா லாரிகளையும் முந்தியது. பிறகு ஏற்றத்திலும் மூன்றாவது கியருக்குக் கீழே இறங்கத் தேவைப்படவில்லை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த வருஷம், ஏற்றத்தில் போகும்போது அதன் சக்கரங்கள் சாலையைத் தொடாததை முதலில் கவனித்தவர் டயர்க்கடைக்காரர். அவருக்கு அதில் கொஞ்சம் மனவருத்தமும் உண்டு. விஷயம் சாலை வரி வாங்கும் அலுவலகம் வரை போனது. ஏறும்போது சாலையைப் பயன்படுத்தாத வண்டி என்பதால் பாதி வரி கட்டினால் போதும் என்று அதிகாரி, யாரும் கேட்காமலே, சொன்னார். வரிசையில் நின்றவர்கள் அந்த அம்மாவைப் பொறாமையோடு பார்த்தார்கள். அந்தத் தெருவில் பிறந்த யாருக்கும் கிடைக்காத தள்ளுபடி அது. அவர் கைப்பையைத் திறந்து முழுத் தொகையையும் மேஜை மேல் வைத்தார்.

"என் வண்டிக்கு நான் குறைச்சுக் கட்ட மாட்டேன் சார்" என்றார்.

அதிகாரி பணத்தை எடுத்துக்கொண்டு ரசீது எழுதினார். வாகனத்தின் வகை என்ற இடத்தில் பேனாவைக் கொஞ்சம் நிறுத்தினார், பிறகு 'கார்' என்றே எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.